புகை போன பிறகு கிண்ணம்

பழைய ஆஷ்ட்ரே சேர்ப்பதற்கு எதிராக முதலில் சொல்லப்படும் வாதம் சுகாதாரம். சிகரெட் கேடு, ஆஷ்ட்ரே அதன் துணைச்சாமான், ஆகவே வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. சரியான வாதம்தான். ஆனால் இதே கோலை எடுத்துக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் வாள், பீரங்கி, ஹூக்கா எல்லாமே வெளியே போக வேண்டியிருக்கும். ஆதரவாகச் சொல்லப்படுவதோ இதைவிட மெலிந்தது: பழசு, பார்க்க நன்றாயிருக்கிறது, இனிக் கிடைக்காது. பழசு என்பதும் கிடைக்காது என்பதும் ஒரு சாமானின் விலையை ஏற்றும். அது நல்ல சாமானா என்று கேட்டால் அவற்றிடம் பதில் கிடையாது.

இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். புகைப்பவர் எழுந்துபோய்விட்டார், இனி வரப்போவதும் இல்லை. மேசையில் மிஞ்சிய கிண்ணத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அலமாரியில் ஏறுகிற ஆஷ்ட்ரே இந்தக் கேள்வியைத் தாங்க வேண்டும். பெரும்பாலானவை தாங்குவதில்லை என்பது என் கட்சி.

ஆந்திராவின் பலமனேரில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு வசதி உண்டு. மேற்கே போனால் பெங்களூரு. பழம்பொருள் கடைகளும், வாங்கியதை அடுக்கிவைக்க இடமுள்ள அடுக்குமாடி வீடுகளும் அங்கே. தென்கிழக்கே மலையிறங்கினால் குடியாத்தம்; பீடியும் தீப்பெட்டியும் கைத்தொழிலாக நடக்கும் ஊர். நடுவில், நெடுஞ்சாலையோரம், பலமனேரின் சுடுமண் சாமான்கள்: பூந்தொட்டி, குதிரை, விளக்கு, தண்ணீர்ப் பானை. சிகரெட்டின் வரவேற்பறை ஒரு பக்கம், பீடியின் திண்ணை மறுபக்கம், கிண்ணம் வனையத் தெரிந்த கைகள் நடுவில். ஆஷ்ட்ரேயை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் கருவியாக எடைபோடுவோம். ஆஷ்ட்ரேயை மற்றக் கிண்ணங்களிலிருந்து பிரிப்பது விளிம்பில் உள்ள பள்ளம். அதில்தான் எரிந்துகொண்டிருக்கும் சிகரெட் சாய்ந்து நிற்கிறது. பள்ளம் இல்லாவிட்டால் அது சாதாரணத் தட்டு. பழம்பொருள் கடையில் குழப்பம் வந்தால் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். பித்தளையில் செய்த விபூதித் தட்டும் ஆஷ்ட்ரேயும் அளவில், கனத்தில், சில சமயம் பூவேலையில்கூட ஒத்துப்போகும். இரண்டுமே சாம்பல் வைக்கும் பாத்திரம்தான். ஒன்று பூசையறைக்கும் மற்றது வராந்தாவுக்கும் போனதற்கு அடையாளம் அந்தச் சின்னப் பள்ளம் மட்டும்.

பள்ளத்துக்கு அடுத்தது கனம். முழங்கை பட்டால் கவிழக்கூடாது. பிறகு தீயைத் தாங்கும் பொருள், கழுவினால் கறை போகும் பரப்பு. இவையெல்லாம் உலகத்துக்குப் பொது. நம் ஊருக்கென்று ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு: ஆழம். தலைக்குமேல் மின்விசிறி சுற்றும் அறையில் ஆழமில்லாத தட்டு ஆஷ்ட்ரே ஒரு வேலையும் செய்யாது, சாம்பலைச் சோபா முழுக்கத் தூவிவிடும். ஐரோப்பாவின் மிக அழகான ஆஷ்ட்ரேக்களில் பல இந்த இடத்தில் தோற்றுவிடுகின்றன. குளிர்நாட்டு மூடிய அறைக்குச் செய்த பொருளை வெப்பநாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் யாரும் விசிறியைப் பற்றி யோசிக்கவில்லை போலும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளம் யாருக்காக வெட்டப்பட்டது? சிகரெட்டைக் கீழே வைத்தாலும் அது தானாக எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் அதற்குச் சாய்ந்து நிற்க ஓர் இடம் தேவைப்படுகிறது. பீடி அப்படியில்லை. இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கங்கு நிற்கும், வைத்தால் அணைந்துபோகும். பீடிக்காரருக்குப் பள்ளத்தால் பயனில்லை. அணைந்ததைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார். திண்ணையில் சுருட்டுப் பிடித்த பெரியவருக்குப் பக்கத்தில் இருந்தது கொட்டாங்குச்சி. அதில் கொஞ்சம் மணல். ஆந்திராவின் வடகரையில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்கள் இருந்தார்கள்; அண்ணத்தில் வரும் புற்றுநோயை ஆராய்ந்த மருத்துவர்களின் கட்டுரைகள் வழியாக உலகம் அதை அறிந்தது. அவர்களுக்குக் கிண்ணம் வைத்து என்ன செய்வது?

2016-17இல் எடுத்த பெரியவர்களுக்கான தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். மென்று துப்பும் வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். ஆக, புகையிலை எடுத்துக்கொள்ளும் இந்தியர்களில் ஆஷ்ட்ரேயின் பள்ளத்தைத் தேவையாக உணர்ந்தவர்கள் எப்போதும் ஒரு சிறுபான்மை. ஆஷ்ட்ரே என்றால் ஒரு மேசை, மேசை என்றால் நாற்காலி, நாற்காலி என்றால் அதில் சாவகாசமாக உட்கார நேரம். நீலகிரி திறந்துவிடப்படுவதற்கு முன்னால் சென்னையின் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய மேட்டுப்பாங்கான ஊர்களில் பலமனேரும் ஒன்று. ஆஷ்ட்ரே நம் பக்கம் வந்த வழி அந்த மாதிரியான பங்களா வராந்தாதான். பிறகு கச்சேரி அதிகாரிகளின் மேசை, பிறகு தமிழ் சினிமாவில் மாடிப்படி வளைந்து இறங்கும் பணக்கார வீட்டுக் கூடம். படத்தில் வில்லன் சிகரெட்டை நசுக்கிய விதத்தை வைத்தே அடுத்து என்ன நடக்கும் என்று அரங்கத்துக்குத் தெரிந்துவிடும்.

எனவே பழைய ஆஷ்ட்ரேயை அலங்காரமாக வைப்பவர் தாத்தா காலத்தை மீட்பதாகச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் அது பொருந்தாது. பெரும்பாலான தாத்தாக்களிடம் ஆஷ்ட்ரே இருந்ததில்லை. மீட்கப்படுவது இன்னொருவருடைய தாத்தாவின் கூடம். அதில் தப்பில்லை, நாம் ரசிக்கும் கலைகளில் பாதி நம் வீட்டில் பிறந்தவை இல்லை. ஆனால் ‘நினைவு’ என்ற காரணத்தைக் காட்டி மட்டமான சாமானுக்கு மதிப்பெண் கேட்கக்கூடாது. அந்தச் சலுகை போய்விட்டால் மிஞ்சுவது வேலைப்பாடு ஒன்றுதான். இனி அதை வைத்தே பார்ப்போம்.

இந்தியாவோடு தொடர்புடைய மிகப் புகழ்பெற்ற ஆஷ்ட்ரேயிலிருந்து தொடங்குவது நியாயம். 1967இல் ஏர் இந்தியா தன் பயணிகளுக்குப் பரிசளிக்க ஓவியர் சால்வதோர் தாலியிடம் ஓர் ஆஷ்ட்ரே வரைந்து வாங்கியது. நடுவில் சிப்பி போன்ற கிண்ணம், விளிம்பைச் சுற்றி ஒரு பாம்பு, தாங்குவதற்கு யானைத்தலைகளும் ஓர் அன்னமும். யானைத்தலையைக் கவிழ்த்தால் அன்னம், அன்னத்தைக் கவிழ்த்தால் யானைத்தலை. 1937இல் ஓவியத்தில் அவர் செய்த அதே விளையாட்டு இங்கே பீங்கானில். சுமார் 500 மட்டுமே செய்தார்கள். கூலியாகத் தாலி கேட்டது ஒரு யானைக்குட்டி. கேட்டபடியே பெங்களூரிலிருந்து ஒரு குட்டியை விமானத்தில் ஜெனீவாவுக்கு ஏற்றி, அங்கிருந்து சாலை வழியாக ஸ்பெயினில் அவர் வசித்த கடகேஸ் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஊரே விழா எடுத்தது. கொஞ்ச காலத்தில் யானை ஒரு விலங்குக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கதை இனிக்கிறது, அதுதான் சிக்கல். இந்த ஆஷ்ட்ரேயைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் யானையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிவது இது: மெருகு ஏற்றாத வெள்ளைப் பீங்கான். சிகரெட்டின் தார்க்கறை அதில் ஒருமுறை ஏறினால் கழுவிப் போகாது. இன்று வெள்ளையாக இருக்கும் ஒவ்வொன்றும் பயன்படுத்தப்படாதது என்று அடித்துச் சொல்லலாம். கால்கள் உயர்ந்து கிண்ணம் தூக்கலாக நிற்பதால் மேசை மட்டத்தில் சாம்பல் தட்டவும் தோதில்லை. கருவியாக இது தோல்வி. சிற்பமாக? அந்த யானை-அன்ன மாற்றம் உண்மையிலேயே சாமர்த்தியமானது, கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வைக்கிறது. ஆஷ்ட்ரேயைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வதே ஒரு குறும்பு. ஆனால் பாம்பும் சிப்பியும் வெறுமனே கூடச் சேர்க்கப்பட்டவை. மூன்றில் ஒரு பங்கு தாலி, மீதி கடற்கரை நினைவுப்பொருள் கடை.

பலமனேரில் இந்தக் கதைக்கு இன்னொரு கசப்பும் சேர்கிறது. இந்தப் பக்கம் தலைமுறைகளாக யானை இல்லாமல் இருந்தது. 1980களில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் கர்நாடகப் பக்கமிருந்தும் கூட்டங்கள் வந்தன. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து காட்டோரம் தக்காளியும் கரும்பும் போட்டவருக்கு இரவில் தூக்கமில்லை; பயிரும் போயிருக்கிறது, மனிதர்களும் போயிருக்கிறார்கள், மின்வேலியில் யானைகளும் போயிருக்கின்றன. 2025 மே மாதம் கர்நாடக அரசு ஆந்திராவுக்குக் காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய கும்கி யானைகளைக் கொடுத்தது. அரசுகள் அளவில் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், பெங்களூரில் விழா, அதன்பிறகு பலமனேர் அருகே முசலிமடுகில் முகாம். நாலு கும்கிக்கு இரண்டு மாநிலங்கள் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. 1967இல் 500 ஆஷ்ட்ரேக்களுக்கு ஒரு குட்டியைப் பெட்டியில் அடைத்து அனுப்பியதை வேடிக்கை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். கதையின் கவர்ச்சியைக் கழித்துவிட்டால் தாலியின் கிண்ணத்துக்கு நான் தருவது நடுத்தர மதிப்பெண். ஏல வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கருவியாக வென்றவற்றை எடுத்துக்கொள்வோம். மரியன்னே பிராண்ட் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் பள்ளியில் 1924இல் செய்த ஆஷ்ட்ரே பித்தளையும் நிக்கல் பூச்சும் கலந்தது. அரைக்கோளக் கிண்ணம், மேலே மூடி, மூடியில் வட்டத்தின் மையத்திலிருந்து விலகிய முக்கோணத் திறப்பு. வட்டம், கோளம், முக்கோணம் தவிர வேறு எதுவும் இல்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடி இருப்பதால் குப்பை கண்ணில் படாது, விசிறிக் காற்றும் ஒன்றும் செய்யாது. ஜெர்மன்காரி நம் ஊர் விசிறியை யோசித்திருக்க வாய்ப்பில்லை, இருந்தும் பொருந்திவிட்டது. இத்தாலியின் புரூனோ முனாரி 1957இல் செய்த கனசதுர ஆஷ்ட்ரேயில் சாம்பல் உள்ளே போய் மறைந்துவிடும். மேசையில் இருப்பது ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். புகைப்பவரைப் பற்றி அது மூச்சுவிடுவதில்லை.

அக்கீலே காஸ்திலியோனியின் 1971 ‘ஸ்பிராலே’ இன்னும் கூர்மையானது. உருளைக் கிண்ணத்தின் உள்விளிம்பைச் சுற்றி ஒரு சுருள்கம்பி. கம்பியின் எந்த இரண்டு சுற்றுக்கு நடுவிலும் சிகரெட்டைச் செருகலாம். மறந்துபோனாலும் அது வெளியே விழாது, உள்பக்கம் சாய்ந்தபடி எரிந்து முடியும். கம்பியை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவலாம். பள்ளம் என்ற பிரச்சினையை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் தீர்த்ததாக நான் காணவில்லை.

இங்கேதான் என் கேள்வி கஷ்டமாகிறது. ஸ்பிராலேயின் அழகு முழுக்க அதன் செயலில் இருக்கிறது. அதில் சிகரெட்டே வைக்காத வீட்டில், அலமாரியில் தூக்கிவைத்தால், அது ஸ்பிரிங் போட்ட எஃகுக் கிண்ணம். குழந்தை கேட்டால் விளக்க வேண்டும். விளக்கினால் சிகரெட்டைப் பற்றி விளக்க வேண்டும். பிராண்டின் கிண்ணத்துக்கு இந்தக் கதி இல்லை. கோளமும் முக்கோணமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, அவற்றுக்குப் புகை வேண்டியதில்லை. கருவியாகத் தேர்ந்தது அலங்காரமாகத் தோற்கலாம் என்பதும், அதற்குக் காரணம் அந்தத் தேர்ச்சியே என்பதும் ஆஷ்ட்ரே சேர்ப்பவர்கள் பொதுவாக எண்ணிப் பார்க்காத விஷயம். வடிவமைப்பின் வரலாற்றைச் சேர்ப்பவர் ஸ்பிராலேயை வாங்கட்டும், அவருக்கு அது பாடப்புத்தகம். வீட்டை அலங்கரிக்க நினைப்பவருக்கு வேண்டாம்.

அலங்கரிக்க நினைப்பவருக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது: கர்நாடகத்துப் பிதர் வேலை. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்து, உளியால் கோலம் வெட்டி, வெட்டிய தடத்தில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் தட்டி இறக்கி, கடைசியாகப் பிதர் பழைய கோட்டையின் மண்ணோடு நவச்சாரம் கலந்த கரைசலைச் சூடாகப் பூசுவார்கள். கலப்புலோகம் கறுத்துவிடும், வெள்ளி கறுக்காது. ராத்திரி வானத்தில் மின்னல் கொடி ஓடினாற்போல ஒரு பரப்பு. 2006இலிருந்து புவிசார் குறியீடு உள்ள கலை. முகலாயர் காலத்திலும் தக்காணச் சுல்தான்கள் காலத்திலும் இந்தக் கைகள் வார்த்தவை ஹூக்காவின் அடிக்கலம், வெற்றிலைப் பெட்டி, எச்சில் படிக்கம். ஹூக்கா ஒழிந்து சிகரெட் வந்தபோது அதே கைகள் சிகரெட் பெட்டிக்கும் ஆஷ்ட்ரேக்கும் மாறின. ஆஷ்ட்ரே அந்தத் தொழிலை ஒரு கடினமான காலத்தில் தூக்கிப் பிடித்த பொருள்களில் ஒன்று. சுகாதார வாதக்காரர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கருவியாகப் பிதர் ஆஷ்ட்ரே சுமார்தான். கங்கு நசுக்கிய இடத்தில் கறுப்பு வெளுக்கும், தார் வெள்ளியில் படியும். யாராவது அக்கறையாகப் பயன்படுத்தியிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும். ஆனால் புகையைக் கழித்துப் பாருங்கள்: எதுவும் குறையவில்லை. வேலைப்பாடு கிண்ணத்தின் பரப்பில் இருக்கிறது, பயனில் இல்லை. விளிம்புப் பள்ளம்கூடப் பூவிதழின் வளைவாக மாறி, அது எதற்கென்று கேட்கவே தோன்றாமல் போய்விடுகிறது. ஆக்ராவின் பளிங்குப் பதிப்பு வேலைக்கும் இதையே சொல்வேன், அந்தப் பூக்கள் எல்லாச் சாமானிலும் ஒரே மாதிரி வருகின்றன என்ற சலிப்போடு. மொராதாபாத் பித்தளையில் நூற்றுக்கு ஒன்று தேறும். மீதி ஏற்றுமதிக்கு அவசரமாக அச்சில் அடித்தவை.

இதற்கு முன்மாதிரி ஒன்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எச்சில் படிக்கத்தைத் தேடி வாங்குகிறார்கள். மலர்ந்த வாயும் ஒடுங்கிய கழுத்துமாக அந்த வெண்கல உருவம் இன்று ஓட்டல் முகப்பில் தண்ணீரும் பூவும் தாங்கி நிற்கிறது. துப்பிய எச்சிலுக்காகச் செய்தது என்று தெரிந்த பிறகும் யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் அந்த வளைவு பழக்கத்தைவிட நீண்ட ஆயுள் உள்ளது. பாக்குவெட்டியும் அப்படித்தான், வெற்றிலை போடாதவர் வீட்டுச் சுவரிலும் மயில், கிளி வடிவப் பாக்குவெட்டிகள் தொங்குகின்றன. ஆஷ்ட்ரே இந்த வரிசையில் சேர விரும்பினால் இந்த வரிசையின் தேர்வையே எழுத வேண்டும்.

சேர்ப்பவர்கள் மிக ஆசையாக வாங்குவது எது என்று பார்த்தால் இந்தத் தேர்வில் மிக மோசமாக விழுபவை: சிகரெட் பெயரும் மதுப் பெயரும் அச்சடித்தவை. சார்மினார், கத்தரி, வில்ஸ், கோல்ட் ஃப்ளேக் என்று எழுதிய தகரமும் பீங்கானும். அந்தக் காலத்து எழுத்துருவும் நிறமும் கண்ணுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. சார்மினாரின் மஞ்சள் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் இவை கடைக்கும் ஓட்டலுக்கும் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விளம்பரப் பலகைகள். கிண்ணம் அதில் ஒரு சாக்கு. வார்ப்பு மட்டம், பூச்சு மட்டம், சுரண்டினால் துரு. புகையைக் கழித்தால் மிஞ்சுவது விளம்பரம். விளம்பரமோ புகைக்குக் கூப்பிடுவது. கழிக்கவே முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. பழைய சினிமா சுவரொட்டியும் விளம்பரம்தானே என்று கேட்கலாம். சுவரொட்டி கூப்பிட்ட படம் ஓடி முடிந்துவிட்டது. கோல்ட் ஃப்ளேக் பெட்டிக்கடையில் இன்றும் தொங்குகிறது.

சட்டமும் இந்த இடத்தில் நம்மோடு நிற்கிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சிகரெட் விளம்பரத்தைத் தடுக்கிறது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகள் இன்னும் நேரடியானவை: பொது இடத்துக்குப் பொறுப்பானவர் அங்கே ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைத்துத் தரக்கூடாது. ஒரு வீட்டுச்சாமானைப் பெயர் சொல்லி ஒதுக்கிய விதிகள் நம் சட்டத்தில் அதிகமில்லை. ஓட்டல்களும் அலுவலகங்களும் அன்றைக்கு மேசையிலிருந்து எடுத்ததெல்லாம் எங்கோ போயிருக்க வேண்டும். பழைய சாமான் வண்டிதான் அதற்குத் தெரிந்த வழி. வீட்டுக்குள் இந்தத் தடை இல்லை. ஆனால் பெங்களூரிலோ சென்னையிலோ பழங்கால அலங்காரத்தோடு காபிக்கடை திறப்பவர் மேசைக்கு மேசை பழைய ஆஷ்ட்ரே வைத்து அதில் சர்க்கரைப் பொட்டலம் போடுவதாகச் சொன்னால், அது விதியோடு விளையாடுவது. வாடிக்கையாளர் ஒருவர் அதை அதன் சொந்த வேலைக்குப் பயன்படுத்த ஒரு நிமிடம் போதும்.

ஆஷ்ட்ரேக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை அதன் எதிரிகள் சொல்வதில்லை. புகைக்கத் தடையுள்ள விமானத்திலும் கழிவறையில் ஆஷ்ட்ரே இருந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதி. தடையை மீறிப் பற்றவைத்தவன் மாட்டிக்கொள்ளும் பயத்தில் காகிதக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடக்கூடாதே என்று. 1973 ஜூலையில் பாரிசை நெருங்கிய வாரிக் விமானத்தின் கழிவறையில் மூண்ட தீ 123 பேரைக் கொன்றது. குப்பையில் விழுந்த சிகரெட் என்றே கருதப்படுகிறது. கோடையில் கௌண்டின்யா காட்டுச் சாலையோரம் புல் காய்ந்து நிற்கும்போது வண்டிச் சன்னலிலிருந்து பறக்கும் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆஷ்ட்ரே ஒரு காலத்தில் பாதுகாப்புச் சாதனம். நியாயமான கௌரவம், ஆனால் தீயணைக்கும் வாளிக்கும் அந்தக் கௌரவம் உண்டு. அதை யாரும் டீப்பாயில் வைப்பதில்லை.

வைக்கத் தீர்மானித்தவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. சாவி, சில்லறை, மோதிரம் போட்டுவைக்கலாம். பழைய கார்களின் ஆஷ்ட்ரே இழுப்பறையில் சுங்கச்சாவடிச் சில்லறை போட்ட தலைமுறைக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. தின்பண்டம் மட்டும் கூடாது. விருந்துக்கு முந்திரியும் மிக்சரும் போட்டு நீட்டுவதைச் சில அலங்காரப் பத்திரிகைகள் படம்பிடித்துக் காட்டுகின்றன. பழைய பீங்கானின் மெருகிலும் பழைய பித்தளையிலும் ஈயம் இருக்கலாம், கழுவினாலும் அது போகாது. இளம்பச்சையில் மினுங்கும் பழைய கண்ணாடி ஆஷ்ட்ரேக்களில் யுரேனியம் கலந்தவையும் உண்டு. புறஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும். அலமாரியில் இருந்தால் பயமில்லை, தட்டாக்க வேண்டாம். குங்குமமோ விபூதியோ போடும் யோசனை யாருக்கும் வராது என்று நினைத்திருந்தேன், வருகிறது. அளவு பொருந்துகிறது என்பது ஒரு காரணமா? இன்னொருவர் எச்சில் துண்டு நசுக்கிய பாத்திரம் என்று பாட்டி சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என் அழகியல் வாதம் எதுவும் நிற்காது, நிற்கவும் வேண்டாம்.

துலக்குவதில்தான் நம் வீடுகள் தப்புச் செய்கின்றன. பித்தளை என்றால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். பித்தளைக்கு அது பரவாயில்லை, பழமையின் கறுக்கல் போவதுதான் நஷ்டம். பிதர் கிண்ணத்தில் புளி பட்டால் கதை முடிந்தது: கோட்டை மண் கொடுத்த கறுப்பு உரிந்து அடியிலுள்ள சாம்பல் நிற உலோகம் எட்டிப் பார்க்கும். அதற்கு வேண்டியது துளி தேங்காயெண்ணெயும் மெல்லிய துணியும். எத்தனை ஆஷ்ட்ரே வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று இருந்தால் அது கிண்ணம், நாலைந்து இருந்தால் சேகரம், நாற்பது இருந்தால் மூடிப்போன மதுக்கூடத்தின் பின்கட்டு. பெரும்பாலான சேகரங்கள் தோற்பது தரத்தில்கூட இல்லை, எண்ணிக்கையில்.

ஆகவே என் தீர்ப்பு: பிதரும் அதற்குச் சமமான கைவேலையும் அலமாரிக்கு. பிராண்டின் கிண்ணம் போன்றவை கிடைத்தால் தயங்காமல். ஸ்பிராலே வகைக் கருவிகள் படிப்பவர்களுக்கு மட்டும். தாலி, பணம் இருந்து யானையை மறக்க முடிந்தவர்களுக்கு. அச்சடித்த விளம்பரச் சாமான்கள் அருங்காட்சியகத்துக்கு, பக்கத்தில் தேதியும் விளக்கமும் எழுதி, வரவேற்பறைக்கு வேண்டாம். பழசு போலத் தோன்றக் கறுப்பூட்டி விற்கும் புதியவற்றுக்கு எங்கும் இடமில்லை.

இதில் சுடுமண் எங்கே போயிற்று என்று பலமனேர்க்காரர் கேட்பார். மெருகில்லாத மண் தாரையும் நாற்றத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும், கருவியாக மட்டம். சுடுமண் ஆஷ்ட்ரே என்று செய்து விற்க ஆரம்பித்தால் அது தோல்விதான், அதைச் சொல்லத் தயங்கக்கூடாது. சக்கரத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பானையின் வயிறு, குதிரையின் கழுத்து, அகலின் மூக்கு. இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டை வனைந்து விளிம்பை நாலு இடத்தில் அழுத்திவிடுவதில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. நகரத்துக் கடைக்காரர் அப்படி ஒரு மாதிரியைக் கொண்டுவந்து ஆயிரம் கேட்டால் வனைந்து கொடுக்கட்டும், அது வியாபாரம். மற்றபடி அதே தட்டில் ஒரே ஒரு இடத்தை மட்டும் அழுத்தினால் அகல்விளக்கு ஆகிவிடும். கார்த்திகைக்கு வண்டி வண்டியாகப் போகும்.